பந்து விழுந்த பிறகு பாருங்கள்

ஆடி பிறந்தால் கல்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் மேல்காற்றைப் பற்றிக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோமுகி அணைக் கரையில் நடப்பவரின் வேட்டி காலோடு சுற்றிக்கொள்ளும். கச்சிராயபாளையம் சாலையில் பைக்கில் போகிறவர் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி ஓட்டுவார். ஏறக்குறைய அதே நாட்களில், ஜூலை நடுவில், பிரிட்டன் கடற்கரையில் ‘தி ஓபன்’ கோல்ஃப் போட்டி நடக்கிறது. 1860-இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் 8 பேரோடு தொடங்கிய போட்டி இது. கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளில் இதுதான் மூத்தது. மட்டையைக் கையால் தொட்டிராதவரும் இதை ரசிக்க முடியும். காற்றும் தரையும் தெரிந்தவருக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும்.

கணக்கு எளிது. 4 நாள், நாளுக்கு 18 குழி. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று வகுத்து வைத்த எண்ணிக்கைதான் ‘பார்’. அதற்கு ஒன்று குறைந்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி.

ஓபன் எப்போதும் ‘லிங்க்ஸ்’ மைதானத்தில்தான் நடக்கும். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே, ஏர் பிடிக்க உதவாமல் முயலுக்கும் ஆட்டுக்கும் விடப்பட்ட மணல்மேடுதான் லிங்க்ஸ். நம் கடலோர மணலில் இராவணன் மீசை வேர்பிடித்து நிற்பதுபோல அங்கே மாரம் புல் நிற்கிறது. மரங்கள் அரிது, காற்றுக்குத் தடையில்லை. ஊட்டி கோல்ஃப் மைதானம் வேறு வகை. மலைச்சரிவும் மரங்களும் சூழ்ந்தது. ஆனால் லிங்க்ஸ் ஓரங்களில் மஞ்சள் பூவோடு நிற்கும் கோர்ஸ் முள்புதரை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது அங்கே அகற்ற வேண்டிய களை.

பசுமையான மெத்தை போன்ற மைதானத்தில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். மணல் தரையில் அப்படியில்லை. விழும், குதிக்கும், பிறகு உருளத் தொடங்கும். கோலி விளையாடியவருக்கு இது உடனே புரியும். குழியை நேராகக் குறிவைப்பவன் தோற்பான். தரையின் வாட்டம் பார்த்து, கோலி எங்கே தொட்டு எப்படித் திரும்பும் என்று கணித்து விடுபவன் ஜெயிப்பான். தொலைக்காட்சியில் ஓபன் பார்ப்பவர் பெரும்பாலும் பந்து வானத்தில் பறக்கும்போது வாய்பிளந்து பார்த்துவிட்டு, விழுந்ததும் கண்ணை எடுத்துவிடுகிறார். கண்ணைக் கூர்மையாக்க வேண்டிய இடமே அதுதான்.

இதற்குப் பாடம் ஹோய்லேக். இங்கிலாந்தின் டீ ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ராயல் லிவர்பூல் மைதானத்தை ஊர்ப் பெயரால் அப்படித்தான் அழைக்கிறார்கள். 1869-இல் தொடங்கியபோது அது குதிரைப் பந்தயத் திடலாகவும் இருந்தது. கிண்டியிலும் பந்தய ஓடுபாதைக்கு உள்ளேயேதான் மெட்ராஸ் ஜிம்கானாவின் கோல்ஃப் மைதானம் அமைந்தது. தட்டையான நிலமாகத் தெரியும் ஹோய்லேக் 2023 வரை 13 முறை ஓபனை நடத்தியிருக்கிறது.

2006-இல் அங்கே கடும் வெயில். புல் காய்ந்து பழுப்பாகி, தரை களத்துமேடு மாதிரி இறுகிக் கிடந்தது. டைகர் வுட்ஸ் தந்தையை இழந்து மூன்று மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. உலகமே அவருடைய நீண்ட அடியைப் பார்க்கக் காத்திருந்தது. ஆனால் அதிகத் தூரம் அனுப்பும் டிரைவர் மட்டையை 72 குழிகளில் ஒரே ஒரு முறைதான் எடுத்தார். அந்தத் தரையில் டிரைவரால் அடித்த பந்து கட்டுக்கு அடங்காமல் ஓடி மணற்குழியில் விழும் என்பது அவர் கணக்கு. இரும்பு மட்டையால் தாழ்வாக அடித்தார். மீதித் தூரத்தைத் தரை பார்த்துக்கொண்டது. இரண்டாம் நாள் 14-ஆம் குழியில், அவர் நின்ற இடத்திலிருந்து குழியைக் காட்டும் கொடியின் அடி தெரியவில்லை. சுமார் 200 கஜத்திலிருந்து 4-ஆம் எண் இரும்பால் அடித்த பந்து குழிக்குள் போயிற்று. கூட்டத்தின் கூச்சல்தான் அவருக்குச் சேதி சொன்னது. பாருக்கு 18 அடி குறைவாக முடித்து, கிரிஸ் டிமார்க்கோவை 2 அடிகளில் வென்றார். வலிமையைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விட்ட அந்த வாரம், கோல்ஃபில் மிக அழகான ஆட்டங்களுள் ஒன்று.

மணற்குழிகளை, அதாவது பங்கர்களை, கிட்டத்தில் பார்க்க வேண்டும். புல் பாளங்களைச் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய செங்குத்துச் சுவர் அவற்றுக்கு உண்டு. கிணற்று ஓரத்தில் நிற்பதுபோல ஆட்டக்காரரின் தலை மட்டும் மேலே தெரியும். 2023-இல் ஹோய்லேக் பங்கர்களின் தரையைத் தட்டையாகச் செய்திருந்தார்கள். முதல் நாள் பந்துகள் உருண்டு சுவரடியில் ஒட்டிக்கொண்டன; கொடி இருக்கும் திசையை விட்டு, பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வெளியேற வேண்டிய நிலை. அன்றிரவே ஓரங்களைச் சற்று மேடாக்கினார்கள்.

காற்றைப் படிப்பதும் கடினமில்லை. ஆட்டக்காரர் இரண்டு புல்லைக் கிள்ளிப் பறக்கவிடுவார். கொடி எந்தப் பக்கம் விறைக்கிறது, கால்சட்டை எப்படிப் படபடக்கிறது என்று சேர்த்துப் பார்த்தால் போதும். 2023-இல் புதிதாக அமைத்த 17-ஆம் குழியின் நீளம் வெறும் 136 கஜம். மேட்டில் சின்னதாக ஒரு கிரீன், அதாவது குழி இருக்கும் மழித்த புல்தரை; பின்னால் முகத்துவாரம். தூரம் பயமுறுத்தாது; ஆனால் காற்று மாறினால் அந்தச் சின்ன அடிதான் ஒருவரின் நாளைக் கெடுக்கும்.

அந்த ஆண்டு பிரையன் ஹார்மன் 6 அடி வித்தியாசத்தில் வென்றார். இந்தியாவின் ஷுபங்கர் ஷர்மா 68, 71, 70, 70 அடித்து 8-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த நான்கு எண்களையும் வரிசையாகப் படித்தாலே தெரியும்: ஒரு நாள்கூட அவர் மைதானத்தோடு சண்டை போடவில்லை.

ஆட்டம் தொடங்கும் நேரம் அங்கே காலை 6.35 என்றால் இங்கே 11.05. கடைசி ஜோடிகள் முடிக்கும்போது நமக்கு இரவாகிவிடும். வேலை முடித்து வந்தும் பார்க்கலாம். 2023-இல் அந்த 6.35 மணியின் முதல் அடி மாத்யூ ஜோர்டானுக்குக் கொடுக்கப்பட்டது. ஹோய்லேக்கிலேயே ஆடி வளர்ந்த அவருக்கு ஒவ்வொரு வாட்டமும் அத்துப்படி. நான்காம் நாள் மழையில் ஆடி முடித்தபோது, உலகின் தலைசிறந்தவர்களுக்கு நடுவே அவருக்கும் 10-ஆம் இடத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஓபனுக்கு நேரடி அனுமதியும் கிடைத்தது.