கணக்கு யார் கையில்?

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நிறுவனம் அது. அந்தத் தடைக்கும் இந்தியச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சலையும் டீம்ஸையும் நிறுத்தியது. பணம் கட்டி வாங்கிய சேவையும் அதற்குள் கிடந்த சொந்தத் தகவல்களும் கைக்கு எட்டாமல் போகவே நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாதம் முடிவதற்குள் சேவை திரும்பியது. அதன் பிறகு எழுந்த பேச்செல்லாம் சுதேசியைச் சுற்றியே ஓடியது. அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறியதாக அறிவித்ததும் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. அந்நிய கிளவுடை விட்டு நம் நாட்டு கிளவுடுக்கு வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். நோயை இப்படிக் கணிப்பது தவறு. சேலம், நாமக்கல் பகுதித் தொழில்கள் கிளவுடைப் பயன்படுத்தும் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. சர்வர் யாருடைய நாட்டில் நிற்கிறது என்பது அதில் சிறு பங்குதான். உள்ளே போனவர்கள் வெளியே வர வழி வைத்துக்கொள்ளவில்லை என்பதே குறை.

கிளவுடின் நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு சேகோ ஃபேக்டரி தன் ஆபீசிலேயே சர்வர் வைத்தால் ஏ.சி., யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். நள்ளிரவில் பழுதானால் வந்து பார்க்க ஆளும் வேண்டும். கிளவுடில் இந்தத் தொல்லை இல்லை. சங்ககிரியில் உட்கார்ந்தபடி லாரி எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்று பார்க்கலாம். ஆடிட்டர் தன் இடத்திலிருந்தே டேலியைத் திறக்கலாம். கிழங்கு வரத்து மிகும் மாதங்களில் கூடுதலாக வாங்கி, மற்ற மாதங்களில் குறைத்துக்கொள்ளலாம். அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் மையம் திறந்துவிட்டதால் வேகத்திலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இங்குள்ள சிறு தொழில்கள் பெரும்பாலும் அமேசானிடமோ மைக்ரோசாஃப்டிடமோ நேராக வாடகை பேசுவதில்லை. கோழிப்பண்ணைக்குத் தீவனக் கணக்கு மென்பொருள், லாரி ஆபீசுக்கு ஜி.பி.எஸ். மென்பொருள், ஜவுளிக் கடைக்கு பில்லிங் மென்பொருள் என்று உள்ளூர் விற்பனையாளர் கொடுப்பதைத்தான் வாங்குகிறார்கள். அவர் வேறொரு நிறுவனத்திடம் இடம் எடுத்திருப்பார். அந்த நிறுவனம் பெரிய கிளவுட் ஒன்றில் குடியிருக்கும். மூன்று அடுக்கு வாடகை இது. பண்ணைக்காரருக்கு ஒப்பந்தம் உள்ளூர் விற்பனையாளரோடு மட்டும்தான், அதுவும் பல இடங்களில் ஒரு ரசீதோடு சரி. நடுவில் இருப்பவர் பில் கட்டாமல் விட்டால், தொழிலை மூடிவிட்டால், வைரஸுக்கு இரையானால், பண்ணைக்காரருக்குப் போய்க் கேட்க இடமில்லை. இது வீண் பயமல்ல என்பதை 2024 ஜூலை இறுதியில் நாடே பார்த்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதைத் தன் வலைப்பின்னலிலிருந்து துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் யு.பி.ஐ., ஏ.டி.எம். சேவைகள் நின்றன. டி.சி.எஸ்.ஸும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. அதன் பின் வந்த ஆய்வு, சி-எட்ஜோடு சேர்ந்து வேலை செய்த இன்னொரு நிறுவனத்தின் சரியாகப் பூட்டப்படாத சர்வரைக் காட்டியது. அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களில் அந்த மூன்றாம் நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

வெளியேறுவதற்கு ஆகும் கட்டணத்தைத்தான் வழக்கமாகக் குறை சொல்கிறார்கள். தகவலை உள்ளே அனுப்பக் காசில்லை. அமேசானின் மும்பை மையத்திலிருந்து வெளியே எடுக்க, மாதத்தின் முதல் 100 ஜிபி போக, ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். இந்தப் புகார் நியாயமானதுதான். ஆனால் கணக்கை மூடிக்கொண்டு போகிறவர்களுக்கு 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் அந்தக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தன. யாரும் கூட்டமாகக் கிளம்பவில்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் ஆராய்ந்தபோது, ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்களே கிளவுடை மாற்றுவதாகத் தெரிந்தது. மாறுவதைத் தடுப்பது கணக்கு எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பதுதான். ஒரு சேகோ ஃபேக்டரியின் கணக்கில் யாருடைய குச்சிக்கிழங்கு எந்த லோடில் வந்தது, எத்தனை மாவுச்சத்துப் பாயிண்ட் காட்டியது, அவருக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்பதெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். தகவலைக் கேட்டால் விற்பனையாளர் ஓர் எக்செல் கோப்பு தருவார். அதில் தொகைகள் இருக்கும், பிணைப்பு இருக்காது. அதை வைத்து வேறொரு மென்பொருளில் பழைய பாக்கியைத் தொடர முடியாது. இந்தப் பகுதியில் லாரி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லித்தர வேண்டியதில்லை: கடைசித் தவணை கட்டியதும் ஃபைனான்ஸ்காரரிடம் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை ரத்து செய்தால்தான் வண்டி தங்களுடையது. அதே ஆட்கள் பத்தாண்டு வியாபாரக் கணக்கை, ஒரு நாள் திருப்பி வாங்க வேண்டிவரும் என்று நினைத்தே பார்க்காமல் ஒப்படைக்கிறார்கள்.

பேக்கப் இருக்கிறதே என்பது இதற்கு வரும் முதல் பதில். யாரிடம் இருக்கிறது? 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனி கிளவுடையே கூகுள் தவறுதலாக அழித்துவிட்டது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தும், இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் சேர்ந்தே போயின. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்கை மீட்க, வேறொரு சேவையாளரிடம் தனியாக வைத்திருந்த பிரதியும் கைகொடுத்தது. அவ்வளவு பெரிய நிதியத்தால் இரண்டாம் சேவையாளருக்கும் பணம் கட்ட முடிந்தது. நம் ஊர்ச் சிறு தொழிலுக்குக் கிடைக்கும் பேக்கப், அதே விற்பனையாளர் அதே வாடகை இடத்தில் எடுத்துவைக்கும் பிரதிதான். அதைப் பேக்கப் என்று விற்பதே தவறு என்பேன். சொந்த நாட்டு கிளவுட் என்ற பதிலும் இங்கேதான் உடைகிறது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜானில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அந்த நாட்டு அரசு, அந்த நாட்டு மண்ணில், தன் ஊழியர்களுக்காகவே நடத்திய ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அதற்குள் இருந்தது. வெளியே பிரதி இல்லாததால் 858 டெராபைட் அழிந்தது. ஜோஹோவைப் புகழ்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்த நிறுவனம் தன் சேவைகளைப் பிறருடைய கிளவுடில் ஓட்டாமல் தன் சொந்த மையங்களிலேயே ஓட்டுகிறது. அதன் வாடிக்கையாளர் செய்வது அதற்கு நேர் எதிரானது.

வெளியே வருவது பெரிய நிறுவனங்களுக்கே கடினம், சிறியவர்களால் எப்படி முடியும் என்று கேட்பார்கள். அமெரிக்காவின் 37 சிக்னல்ஸ் சிறிய நிறுவனம்தான். 2022 அக்டோபரில் கிளவுடை விட்டுப் போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டின் நடுவில் தன் மென்பொருள்களைச் சொந்த சர்வருக்குக் கொண்டுவந்து முடித்தது. எங்கும் ஓடக்கூடிய பொதுவான கருவிகளில் மென்பொருளை எழுதியிருந்ததும், அதை நகர்த்தத் தெரிந்த ஆட்கள் சம்பளப் பட்டியலில் இருந்ததும் அதற்குக் கைகொடுத்தன. நம் சிறு தொழில்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே வாங்கும் நாளிலேயே நிபந்தனை போட்டாக வேண்டும். சட்டத்தை நம்பி இருக்க முடியாது. ரிசர்வ் வங்கி 2023இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும் வங்கிகள் வெளியேறும் திட்டம் ஒன்றை வைத்திருந்தாக வேண்டும். நிறுவனச் சட்ட விதிகள் 2022 முதல் கணக்குப் புத்தகங்களின் பிரதியை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் எடுத்துவைக்கச் சொல்கின்றன. ஆனால் இது பதிவுபெற்ற கம்பெனிகளுக்கு மட்டும். சேகோ ஃபேக்டரி, லாரி ஆபீஸ், தறிக்கூடம் என்று இங்கே பல தொழில்கள் கூட்டாண்மையாகவோ தனிநபர் உடைமையாகவோ நடக்கின்றன. அவற்றை இந்த விதி தொடாது. தொட்டாலும், இந்தியாவில் இருக்கட்டும் என்கிறதே தவிர, உரிமையாளர் கையில் இருக்கட்டும் என்று அது சொல்லவில்லை.

கேட்க வேண்டியது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் முழுவதும், பிணைப்புகள் உட்பட, தொழில்காரரின் கைக்கு வர வேண்டும். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கணக்கர் அன்றைய பாக்கியைப் படித்துக்காட்ட வேண்டும். படிக்க முடியவில்லை என்றால் அந்தக் காலாண்டு வாடகை பாதிதான். தனி ஒருவர் இப்படிக் கேட்டால் விற்பனையாளர் அடுத்த கடையைப் பார்க்கச் சொல்வார். 1981இல் சேலத்தில் சேகோ உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கியதே, தனித்தனி உற்பத்தியாளரால் இடைத்தரகரிடம் விலை பேச முடியாமல் போனதால்தான். சேகோசர்வும் லாரி உரிமையாளர் சங்கங்களும் நாமக்கல் பண்ணையாளர்களின் அமைப்புகளும் இந்த ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டால், மறுக்கும் விற்பனையாளர் எத்தனை வாடிக்கையாளரை இழக்க வேண்டியிருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.