அம்மா போன பிறகு தொடங்கும் படம்

‘பேரன்பு’ 2019 பிப்ரவரியில் வெளியானது. தியேட்டருக்குப் போய்ப் பார்க்க என்னால் முடியவில்லை. மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவள். அப்போது அவளுக்கு 12 வயது. பல மாதங்கள் கழித்து, அவளைத் தூங்கவைத்துவிட்டு, கைப்பேசியில் மூன்று இரவுகளாகப் பார்த்து முடித்தேன். எல்லோரும் அழுததாகச் சொன்ன இடங்களில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

முதலில் படத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பும் அமுதவனாக மம்மூட்டி. மனைவி இன்னொருவருடன் போய்விட, மகள் பாப்பா அவர் பொறுப்பில் வருகிறாள். பாப்பாவாகச் சாதனா. அவளுக்கு மாதவிடாய் வருவதையும், பின்னால் அவள் உடலுக்கும் ஆசை உண்டென்பதையும் இயக்குநர் ராம் மூடி மறைக்கவில்லை. இது சின்ன விஷயமில்லை. என் மகள் வயதுக்கு வந்தபோது, “கர்ப்பப்பைய எடுத்துருடி, உனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி” என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். 1994இல் மகாராஷ்டிரத்தில், ஷிரூர் அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புனேயில் கர்ப்பப்பையை அகற்றியபோது பெண்கள் அமைப்புகள் எதிர்த்து நின்றன. சுத்தமாக வைத்துக்கொள்ள வசதி என்பதுதான் அன்றும் சொல்லப்பட்ட காரணம். அந்தப் பின்னணியில், அப்பா தன்னைத் தொடுவதை மறுக்கப் பாப்பாவுக்கு உரிமை உண்டு என்று ஒரு தமிழ்ப் படம் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த மாதவிடாய்க் காட்சியில்தான் எனக்கு உறைத்தது. அமுதவன் தடுமாறுகிறார், நாம் உருகுகிறோம். அவர் ஊர் திரும்பும்வரை இந்தப் பிள்ளைக்குப் பல் துலக்கியது யார்? சோற்றைக் குழைத்து, புரையேறாமல் ஊட்டியது யார்? பாதி இரவில் புரட்டிப் படுக்கவைத்தது யார்? அந்த அம்மாவுக்குப் படம் ஒரு காலைப்பொழுதைக்கூடத் தரவில்லை. அவளை வில்லியாக்கவில்லை, சரி. அது போதுமா?

என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வருவார். நல்ல மனிதர். வந்த அன்று மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைவரை போனால், போகிற வழியெல்லாம் நின்று பாராட்டுவார்கள். “இப்படி ஒரு அப்பன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டி” என்றார் எதிர்வீட்டு அத்தை. மீதி 28 நாளும் அதே தெருவில் அதே பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு நடப்பதை அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ‘பேரன்பு’ பார்த்து அழுதவர்களின் கண்ணும் அந்த அத்தையின் கண்தான்.

இது ஒரு படத்தோடு முடிவதில்லை. ‘ஹரிதாஸ்’ (2013) படத்தில் ஆட்டிசம் உள்ள மகனைப் போலீஸ்கார அப்பா வளர்க்கிறார். அங்கும் அம்மா இல்லை. ‘அஞ்சலி’ (1990) படத்தில் அம்மா இருக்கிறாள், ஆனால் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டதாகச் சொல்லிக் கணவன் மறைக்கிறான். தன் பிள்ளை உயிரோடிருப்பதே அவளுக்குத் தெரியாது. (எங்கள் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவுக்கு அது 500வது படம். அந்தப் பாட்டுகளை இன்றும் மகளுக்குப் போடுகிறேன். கடைசிக் காட்சிக்கு முன்னால் மட்டும் டிவியை அணைத்துவிடுவேன்.) அஞ்சலி இறந்துபோகிறாள். சாகாமல் அவளுக்கு 18 வயது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று அந்தக் கதைக்குத் தெரியாது.

என் மகளுக்கு 18 ஆகிவிட்டது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை வருடம் வளர்த்தவள்தான் பாதுகாவலர் என்று இனிக் காகிதமும் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடும் கடும் பாதிப்பும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். நாளைக்கு 67 ரூபாய்கூட வரவில்லை. இங்கே விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்களில் இப்படிப் பிள்ளை உள்ளவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பள்ளியை விட்ட மூத்த மகள். அந்த அக்காவைப் பற்றியும் எந்தப் படமும் வரவில்லை.

சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை: நானும் ஒருநாள் கம்பம் பஸ் ஸ்டாண்டுவரை போயிருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது. இரவெல்லாம் வலிப்பு, விடிந்ததும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். பையில் ஒரு சேலையும் 400 ரூபாயும் இருந்தன. மதுரை வண்டிப் படியருகே நின்றேன். “எங்கிட்டுப் போகணும்மா?” என்று கண்டக்டர் கேட்டார். பதில் வரவில்லை. வண்டி போய்விட்டது. திரும்பும்போது உண்மையிலேயே மருந்து வாங்கிக்கொண்டேன். ஏறியிருந்தால் என் கணவர் அமுதவனாகியிருப்பார். அவரைப் பார்த்து நீங்களும் அழுதிருப்பீர்கள்.

இனி யாராவது இந்தக் கதையை எடுத்தால், அவள் கிளம்புவதற்கு முந்தின இரவிலிருந்து எடுக்கட்டும். அடுப்பை அணைத்து, பிள்ளையின் துணியை அலசிக் காயப்போட்டு, மறுநாளைக்கு வேண்டிய மாத்திரையை எண்ணி வைக்கட்டும் அவள். பிறகு போனாலும் போகட்டும்.