ஆயிரத்தில் ஒருவர் என்னும் கணக்கு

என் தமக்கையின் குடும்பம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறது. அவர் மகளுக்கு இப்போது வயது 31. பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு இரத்தசோகை கண்டது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், இரத்தம் ஏறவில்லை. குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். மாதவிலக்கில் இரத்தம் மிகுதியாகப் போகிறதோ என்று பார்த்தார்கள். வயிற்று உப்புசம், வாய்ப்புண், ஓயாத களைப்பு, எப்போதாவது பேதி. ‘பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று உறவினர் சொல்லக் கேட்டு, தமக்கை காலையில் கோதுமை ரவைக் கஞ்சியும் மாலையில் ரஸ்க்கும் மால்ட் பானமும் வற்புறுத்திக் கொடுத்து வந்தார். இப்படி ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2022-இல் ஒரு மருத்துவர் இரத்தத்தில் ஒரு சோதனை செய்வித்து, பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து, இது ‘சீலியாக்’ நோய் என்றார்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இச்சந்தேகத்தை அவளாகவே வேறொரு மருத்துவரிடம் கேட்டிருக்கிறாள். “அது சப்பாத்தி சாப்பிடும் வடநாட்டாருக்கு வருவதம்மா. நம் பக்கத்தில் ஆயிரத்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம் என்று ஆராய்ச்சியே வந்திருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த ஆராய்ச்சி எது, அது உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றி இரண்டொரு செய்திகள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் வகைப் புரதங்கள் உள்ளன. இவை முழுதும் செரிப்பதில்லை. துண்டு துண்டாகக் குடற்சுவருக்குள் செல்கின்றன. அங்குள்ள ‘டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ்’ என்னும் நொதி அத்துண்டுகளைச் சற்றே மாற்றிவிடுகிறது. எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபுக்கூறு உள்ளவர்களில் சிலருக்கு, உடலின் காவற்படை இந்த மாறிய துண்டுகளைப் பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகிறது. அடிபடுவது சொந்தக் குடலே. உணவை ஈர்த்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்புச்சத்து முக்கியமாக ஈர்க்கப்படுவது சிறுகுடலின் முன்பகுதியில். நோய் முதலில் தாக்குவதும் அதே பகுதியைத்தான். எனவே பேதியே இல்லாமல், மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை ஒன்றே நோயின் அடையாளமாக இருப்பதுண்டு.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருவோம். பி. எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலியோர் 2016-இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி’ என்ற இதழில் வெளியிட்ட கட்டுரை அது. வட இந்தியா, வடகிழக்கு இந்தியா, தென்னிந்தியா ஆகிய மூன்று வட்டாரங்களில் 23,331 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். தெற்கே வேலூர்ப் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கே 0.87 சதவீதம் பேரிடமும், தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. மருத்துவர் சொன்ன ‘ஆயிரத்தில் ஒருவர்’ இதுதான்.

இந்தியாவில் இதைப்போன்ற பெரிய கணக்கெடுப்பு எளிதில் நடப்பதன்று. ஒரே முறையில், ஒரே காலத்தில் மூன்று வட்டாரங்களை ஒப்பிட்டதும், இரத்தத்தோடு நில்லாமல் மரபுக்கூற்றையும் உணவையும் சேர்த்து அளந்ததும் பாராட்டத்தக்கவை. அவ்வளவு உழைப்பில் கிடைத்த எண்களை முழுதும் வாசியாமல், சுருக்கத்தில் உள்ள ஒரே ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் தவறு.

மரபுக்கூற்றைப் பாருங்கள். டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 உடையவர் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். வித்தியாசம் மிகக் குறைவு. ‘நம் உடம்புக்கு வராது’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் விதையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். அப்படியானால் வேறுபாடு உணவிலா? நாளொன்றுக்குச் சராசரி கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். பதினைந்து சப்பாத்திக்கும் ஒரு சப்பாத்திக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் வடகிழக்கே உண்பது 37 கிராம்தான்! நம்மைவிடப் பன்னிரண்டே கிராம் கூடுதல். எதிர்ப்பொருளோ ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கோதுமையின் அளவு மட்டும் காரணமாக இருந்தால் இது நடவாது. என் பார்வையில் கட்டுரையின் மிகச் சுவையான இடம் இதுவே. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று. தெற்கே குடற்சோதனையிலும் உறுதிப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 0.11. தெற்கில் சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர். பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஓர் ஆள். இன்னும் ஒருவர் அகப்பட்டிருந்தால் விகிதம் இரட்டித்திருக்கும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையின் மேல் தென்னாடு முழுமைக்கும் சட்டம் எழுதலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி கட்டுரையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சோதிக்கப்பட்டவர்கள் ஆரோக்கியமாக நடமாடிய பெரியவர்கள். தெருவில் போகும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்றும் இரத்தம் ஏறாமல் மருத்துவர் முன் வந்து உட்காரும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதற்கேள்வியின் விடையை இரண்டாவதற்குச் சொன்னதால்தான் என் தமக்கை மகள் இன்னும் மூன்று ஆண்டுகள் ரஸ்க் சாப்பிட்டாள்.

மருத்துவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. தென்னாட்டில் குடலுறிஞ்சி தேய்ந்த நோய் என்றால் ‘டிராப்பிகல் ஸ்புரூ’ என்றே பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் ஆகியோர் அதைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். அதற்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுப்பார்கள். நுண்ணோக்கியில் இரண்டு நோய்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பழகிய பெயர் முதலில் நாவில் வருவது இயல்பு.

பழக்கம் பெரியவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. 1888-இல் லண்டனில் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக வருணித்தார். குணம் உண்டென்றால் அது உணவால்தான் என்றும் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் விலக்கிய பட்டியலில் அரிசி இருந்தது. அனுமதித்த பட்டியலில் நன்றாக வாட்டிய ரொட்டி இருந்தது! டிக் என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் வந்துதான் கோதுமையே குற்றவாளி என்று காட்டினார். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ஹாலந்தில் ரொட்டி அரிதானபோது இக்குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயுற்றதும் அவர் எண்ணத்துக்கு வலுவூட்டின. 1950-இல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவினார். வட இந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் இருப்பது 1966-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது. இரத்தச் சோதனைக்கு வழிகாட்டிய நொதி அடையாளம் காணப்பட்டது 1997-இல்.

வேலூரின் 25 கிராம் புதுச்சேரிக்குப் பொருந்துமா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. நம் ஊரில் ரொட்டி நேற்று வந்ததன்று. ‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் வீடுகளில் நீண்ட பிரெஞ்சு ரொட்டி தினசரி உணவு. மற்ற வீடுகளிலோ காலையில் ரவா உப்புமா, மாலையில் பன், இரவில் பரோட்டா. இரண்டு பரோட்டாவிலேயே அந்த 25 கிராமைப்போல் பல மடங்கு மைதா இறங்கிவிடும். கடற்கரை நகரங்களில் இதே கணக்கெடுப்பை நடத்தினால் என்ன எண் வரும்? அதற்கான ஆய்வு தேவை.

நோய் தெரிந்தபின் அவள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? மருந்து ஏதும் இல்லை. ஆயுள் முழுதும் குளூட்டனை விலக்க வேண்டும். நம் சமையல் இதற்கு ஓரளவு வாய்ப்பானது. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், கேழ்வரகுக் களி எதிலும் குளூட்டன் கிடையாது. தொல்லை மறைவிடங்களில் இருக்கிறது. கடைக் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஆகவே ஓட்டல் சாம்பார்கூடச் சந்தேகத்துக்கு உரியது. சோயா சாஸில் கோதுமை உண்டு. பரோட்டா போட்ட கல்லில் தோசை வார்த்தால் அதுவும் ஆகாது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று உறையில் அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது இந்திய விதி. அந்தப் பண்டங்களின் விலையோ சாதாரணப் பண்டங்களைவிடப் பன்மடங்கு. பிரான்சில் இச்செலவில் ஒரு பகுதியை அரசு மருத்துவக் காப்பீடு திருப்பித் தருகிறது. இங்கே அப்படி ஏதும் இல்லை.

கோதுமையை நிறுத்திய ஆறாம் மாதம் அவளுக்கு இரத்தம் ஏறியது. எலும்பின் அடர்த்தி மட்டும் இன்னும் வயதுக்குரிய அளவை எட்டவில்லை. இழந்த ஒன்பது ஆண்டுகளின் மிச்சம் அது.

இச்சோதனையைச் செய்துகொள்ள விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தேகம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போனால், எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று விடை வரலாம். சோதனைகள் முடியும்வரை வழக்கமான உணவையே உண்ண வேண்டும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் ஏறத்தாழப் பத்துக்கு ஒருவருக்கு இந்நோய் இருப்பதால் அவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது.

சென்ற வாரம் தமக்கையின் இரத்தமும் சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வர நான்கு நாள் ஆகுமாம். அதுவரை காலை ரொட்டியை நிறுத்தக்கூடாதென்று மகளே தாய்க்குக் கட்டளை இட்டிருக்கிறாள்.