430 என்ற கோடு

நெஞ்சைப் பிளக்காமல், பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகக் கதீட்டரைச் செலுத்திப் பெருந்தமனி வால்வை மாற்றும் சிகிச்சைக்கு டாவி என்று பெயர். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வால்வைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எந்த சைஸ் வால்வு என்று தீர்மானிக்க உதவும் சிடி ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச்சு குறைவு. அந்த ரிப்போர்ட்டின் மீது எனக்கு ஒரு விமர்சனம் உண்டு: தனக்குத் தெரிந்ததைவிட அது துல்லியமாகப் பேசுகிறது.

படம் ஏன் இவ்வளவு முக்கியம்? திறந்த அறுவை சிகிச்சையில் சர்ஜன் கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அளவுக்கருவியை நேரடியாக வைத்துப் பார்த்துவிடுவார். டாவியில் அது முடியாது. பழைய வால்வு உள்ளேயே இருக்கும். புதியது அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு விரியும். சைஸ் சிறிதாகிவிட்டால் ஓரத்தில் ரத்தம் கசியும், வால்வே இடம்விட்டு நகரவும் கூடும். பெரிதாகிவிட்டால் வளையம் கிழியும் ஆபத்து. வளையத்துக்குக் கீழே கால்சியம் திட்டாகப் படிந்திருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். ஆரம்ப வருடங்களில் அளவெடுக்கப் பெரும்பாலும் எக்கோவைத்தான் நம்பினார்கள். இருபரிமாண எக்கோ ஒரு வெட்டில் ஒரு விட்டத்தை மட்டும் காட்டும். ஆனா வளையம் பெரும்பாலும் வட்டமில்லை, நீள்வட்டம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நீளம் 27 மி.மீ., அகலம் 21 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எக்கோவில் 21 மட்டும் தெரிந்து, அதை வட்டமாக எடுத்துக்கொண்டால் பரப்பு 346 சதுர மி.மீ. சிடியில் ஓரம் முழுவதையும் வரைந்தால் 445. சேப்பியன் 3 வால்வின் அளவு அட்டவணைப்படி முதல் எண்ணுக்கு 23 மி.மீ. வால்வு, இரண்டாவதுக்கு 26. ஒரே இதயத்துக்கு இரண்டு சைஸ்!

இந்தச் சிக்கலைத் தீர்த்தது சிடிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011இல் வெளியான பார்ட்னர் ஏ ஆய்வில், 30 நாளில் நடுத்தரமான அல்லது கடுமையான ஓரக்கசிவு 12.2 சதவீதம் பேருக்கு இருந்தது. 2019இன் பார்ட்னர் 3 ஆய்வில் அது 0.8 சதவீதம். இந்த இறக்கம் முழுவதையும் சிடியின் கணக்கில் எழுத முடியாது. வால்வின் அடியில் கசிவைத் தடுக்கும் வெளிப்பாவாடை சேர்ந்தது, நோயாளிகளும் வேறு மாதிரியானவர்கள். இருந்தாலும் சிடியின் பங்கு பெரிசு.

என் விமர்சனம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அட்டவணையில் 23க்கும் 26க்கும் நடுவே உள்ள கோடு 430 சதுர மி.மீ. அதாவது 23.4 மி.மீ. விட்டம். இதயத்தைச் சுற்றி 20 செ.மீ. அகலத்தை 512 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சல் 0.39 மி.மீ. ஓரக்கோட்டைச் சுற்றிலும் வெறும் அரைப் பிக்சல் வெளியே தள்ளி வரைந்தால் 426 என்பது 441 ஆகிவிடும். போதாததற்கு, அந்த வளையமே உடலில் தனியாக இருக்கும் ஒரு பொருள் இல்லை. மூன்று இதழ்களும் ஒட்டியிருக்கும் அடிப்புள்ளிகளை இணைத்து, அந்தத் தளத்தில் நாம் கற்பனையாக வெட்டுவது. தளம் கொஞ்சம் சாய்ந்தால் எண் மாறும். இதயம் சுருங்கும்போது எடுத்த படமா, விரியும்போது எடுத்ததா என்பதைப் பொறுத்தும் மாறும். இப்படிப்பட்ட இடத்தில் '428.6' என்று தசமத்தோடு அச்சடித்துக் கொடுத்தால், படிப்பவர் அதை மரக்கடை டேப் அளவு மாதிரி நம்பிவிடுவார்.

2024இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வும் அதே 430ஐத்தான் சிறிய வளையத்தின் எல்லையாக வைத்தது. 716 பேர், அதில் 87 சதவீதம் பெண்கள். மரணம், முடக்கும் பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 12 மாதத்தில் இரண்டு வால்வுக்கும் பெரிய வித்தியாசமில்லை: தானாக விரியும் எவோலூட்டில் 9.4 சதவீதம், பலூனால் விரிக்கும் சேப்பியனில் 10.6. ஆனா வால்வின் செயல்பாட்டுக் குறைபாடு என்று பார்த்தால் 9.4க்கு எதிராக 41.6. இந்த முடிவைப் பார்த்தபின், '430க்குக் கீழே இந்த வால்வு, மேலே அந்த வால்வு' என்று பேசும் ஆசை வரும். ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்பதற்காக மனிதர்கள் போட்ட கோடு அது, இயற்கை போட்டதில்லை. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் அளவுப் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். மேஜைமேல் படுத்திருக்கும் ஒருத்தருக்கு அப்படி ஈடாகாது.

அதனால் ரிப்போர்ட்டில் நான் எதிர்பார்ப்பது புது மென்பொருள் இல்லை, நாலு வரி. எந்தக் கட்டத்தில் அளந்தது. படத்தின் தரம் எப்படி. எல்லைக்கு அருகில் என்றால் இரண்டாவது ஆள் தனியாக அளந்த எண் என்ன. கால்சியம் எங்கே, எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது. முக்கியமாக, '430ஐ ஒட்டி இருக்கிறது, இரண்டு சைஸும் சாத்தியம்' என்று வெளிப்படையாக ஒரு வாக்கியம். 428.6ஐ மட்டும் பார்த்த டாக்டர் அட்டவணையைப் புரட்டுவார். அந்த வாக்கியத்தைப் படித்தவர் படத்தையே திறந்து பார்ப்பார்.