எந்த மகாராஜபுரம்?

சங்கீதம் தெரிந்த யாரிடமாவது மகாராஜபுரம் என்று சொல்லிப் பாருங்கள். விசுவநாதய்யர் என்பார்கள், அவர் மகன் சந்தானம் என்பார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரம். நான் சொல்வது வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் கிடக்கிற மகாராஜபுரம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிற கூட்டம் பஸ் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிற ஊர். இங்கேயும் பாட்டு இருக்கு, கொட்டு இருக்கு. ஆனால் இந்த ஊர்ப்பேரைத் தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்ட கொட்டுக்காரர் ஒருத்தரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

போன பொங்கலின்போது அங்கே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை, உறுமி, கூடவே நாலு தப்பு. நாயனத்தில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. அதில் எனக்குக் குறையில்லை. நையாண்டி மேளம் வருகிற எதையும் விழுங்கிச் செரிக்கும், அதுதான் அதன் குணம். கிராமியக் கலை கெட்டுப்போச்சு என்று அழுகிறவர்கள் யாரும் அதை வாசித்துப் பிழைக்கிறவர்களாய் இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் குறையாய்ப் பட்டது வேறு. தப்புக்காரர்கள் மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனியில் தோல் தொய்ந்துவிடும். தீயில் காட்டி, விரலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி காட்டி, நாலும் ஒரே குரலுக்கு வருகிறவரை பொறுக்க வேண்டும். அதுவும் சங்கீதம்தான். கச்சேரியில் தம்புரா மீட்டிச் சுருதி சேர்க்கும்போது சபை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு இது எந்த விதத்தில் குறைவு? ஆனால் மைக்காரர் "என்னப்பா, இன்னும் ஆகலையா, சீக்கிரம் ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார். அரைகுறையாய்க் காய்ந்த தோலோடு ஏறினார்கள். முதல் பத்து நிமிசம் அடிக்குச்சி விழுந்த இடத்தில் சத்தம் எழும்பவில்லை. வெறும் சிம்புக்குச்சிதான் கேட்டது. பிறகு தோல் சூடேறிப் பேச ஆரம்பித்தபோது நேரம் முடிந்துவிட்டது.

பக்கத்தில் ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர். கைபேசியில் அயர்லாந்துக்காரர்கள் வாசிப்பதைக் காட்டினார். "அண்ணே, இது பேரு பௌரான். இதே மாதிரி வட்டம், இதே மாதிரி தோலு, இவங்களும் தீயில காட்டித்தான் அடிப்பாங்களாம். உலகம் பூரா ஒண்ணுதாண்ணே."

இந்த 'ஒண்ணுதாண்ணே'வைக் கேட்டு நானும் ஒரு காலத்தில் புல்லரித்தவன்தான். பாதி உண்மை. பௌரான் ஆட்டுத்தோல் கொட்டு. டிசம்பர் 26இல் பையன்கள் வேஷம் கட்டி வீடு வீடாய் அடித்துக்கொண்டு போனது. 1960களில் ஷான் ஓ ரீடா என்கிற இசையமைப்பாளர் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அப்புறம் அது தேசத்தின் அடையாளம். வழியில் அந்தத் தோலை யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. நம்ம தப்பு அப்படியா? செத்த மாட்டைத் தூக்கு, உரி, அந்தத் தோலை இழுத்துக் கட்டு, அதை அடித்துக்கொண்டே இழவு சொல்லப் போ என்று வேலையையும் தோலையும் சாதியையும் ஒரே கயிற்றில் கட்டியது. வட்டத்தைப் பார்த்து ஒண்ணு என்றால் கயிறு கண்ணில் படாது.

ஒற்றுமை இருக்கிற இடம் வேறு. அயர்லாந்தில் டிராவலர்கள் என்று ஒரு ஜனம், வண்டியிலேயே குடித்தனம் நடத்தி ஊர் ஊராய்ப் போனவர்கள். அவர்களில் ஒருவர் ஜானி டோரன். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கிற குழலில் பெரிய கைக்காரர். 1947இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் அவர் வாசிப்பைப் பதிவு செய்தது. 1948இல் டப்ளினில் அவருடைய வண்டி மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. படுத்தவர் 1950இல் செத்துப்போனார். அவரைக் கேட்டு வளர்ந்த வில்லி கிளான்சி வீடு வாசல் உள்ளவர். 1973இல் தொடங்கிய இசைக் கோடைப்பள்ளி கிளான்சி பேரில் நடக்கிறது. டிராவலர்களைத் தனி இனக்குழு என்று அரசு ஒப்புக்கொண்டதே 2017இல்தான். வாசிப்பு தேசத்தினுடையதாகிவிட்டது, வாசித்த ஜனம் ரோட்டோரத்திலேயே நின்றது. இந்தக் கதை நமக்கு மொழிபெயர்க்காமலே புரியும்.

தப்பைக் கிழித்தெறி என்றும், அதையே ஆயுதமாய் எடு என்றும் 1990களில் நமக்குள் நடந்த சண்டை பல தோழர்களுக்கு நினைவிருக்கும். கே.ஏ. குணசேகரன் பாட்டை எடுத்துக்கொண்டு மேடையேறினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் தப்பைத் தோளில் மாட்டினார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்ற சொல்லே குழுவின் பெயராய் நின்றது. கிதாரும் டிரம்ஸும் பக்கத்தில் வந்தால் சட்டியும் தப்பும் துணைத்தாளமாய்ச் சுருங்கிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. இருந்தாலும் அங்கே வாசித்தவன் பேரோடு நின்றான். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம். கிழித்தெறி என்றவர்கள் தோற்றதாய் இதற்கு அர்த்தமில்லை. மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன் அடிக்கிற அடிதான் கலை. சொல்ல முடியாதவன் அடித்தால் அது ஊழியம், எத்தனை விளக்குப் போட்டாலும்.

மகாராஜபுரத்து மைக்கில் நாயனக்காரர்கள் பேர் சொன்னார்கள், தவில்காரர்கள் பேர் சொன்னார்கள். தப்புக்கு வந்தபோது "மற்றும் குழுவினர்". கூட்டம் கலைந்ததும் மூத்தவரிடம் போனேன். "அய்யா, உங்க பேரு சொல்லுங்க, கட்டுரையில போடணும்." சொன்னார். எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரம் தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார்.

"தம்பி, பேரைப் போட்டுறாதீக. இழவுக்கு வரமாட்டோம்னு எங்க ஊர்ல சொல்லி ரெண்டு வருசமாச்சு. பிஞ்சு போச்சு, கை வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க அடிச்சது தெரிஞ்சா வம்பு."

அதனால் போடவில்லை.