பின்வரிசைப் புத்தகம்

பொயிண்ட் குக்கில் நாம் போய்வந்த நம்மவர் வீடுகள் சிலவற்றில் புத்தக அலுமாரி உண்டு. எஸ்.பொ.வின் 'நனவிடை தோய்தல்' முன்வரிசையில் நிற்கும். அவரது 'தீ'யை வைத்திருப்பவர்கள் பின்வரிசைக்குள் செருகியிருப்பார்கள். நம்முடைய அலுமாரியிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பிறகு யாருக்கு ஒளிக்கிறோம்?

இரண்டையும் எழுதியது ஒரே கை. 1992இல் நூலான 'நனவிடை தோய்தல்', அவுஸ்திரேலியாவுக்கு வந்தபின் அவர் எழுதிய யாழ்ப்பாணத்து இளமை நினைவுகள். இழந்த ஊரை அது திருப்பித் தந்தது, கொண்டாடினோம். 1961இல் வந்த 'தீ'யோ ஊர் மறைத்து வைத்திருந்த ஆளைத் தந்தது. ஓர் ஆண் தன் பாலுறவு அனுபவங்களைத் தானே சொல்லிக்கொண்டு போகிறான். ஆபாசம் என்றார்கள். 'அவன்' என்று எழுதியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள்; 'நான்' என்றதுதான் பொறுக்கவில்லை. வாசிக்கிறவனும் அந்த 'நான்' என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை உச்சரித்தாக வேண்டுமே!

ஆயினும் 'தீ'யைத் தலையில் வைத்து ஆட நாம் தயாரில்லை. அதில் பெண்கள் கதைசொல்லியின் வாழ்வில் வந்து போகிறார்கள். பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அவனுடைய கவலையாக இல்லை. தன் ஆசையை ஒப்புக்கொள்கிறவன், அந்த ஆசையால் பிறருக்குச் செய்ததையும் ஒப்புக்கொண்டானா? முதலாவதற்குத் துணிச்சல் போதும். இரண்டாவதற்கு மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இருபத்தொன்பது வயது எஸ்.பொ. முதலாவதைச் செய்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம்.

இரண்டாவதைச் செய்ய முயன்ற புத்தகமும் நம்மிடம் உண்டு: 1985இல் வெளிவந்த கோவிந்தனின் 'புதியதோர் உலகம்'. தான் இருந்த இயக்கத்துக்குள் நடந்த கொடுமைகளை உள்ளிருந்தவனாகவே எழுதினார். கலை நேர்த்தி குறைவு என்பார்கள், இருக்கட்டும். எதிரியின் கொடுமைகளை மட்டும் எண்ணிப் பழகிய நமக்கு, அந்தக் கொடுமைக்காரர் நம் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர் என்று காட்டிய நாவல் அது.

இப்போது மூன்றையும் முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறோம். சென்ற ஞாயிறு வந்த நண்பர் 'தீ'யை எடுத்து நாலு பக்கம் நின்றபடியே வாசித்தார். பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உதை ஏன் இதில வைச்சிருக்கிறியள், பிள்ளையள் திரியிற வீடு."