குறுக்கெழுத்தில் குதிரை: ஒருபொருட் பன்மொழியும் சொற்கல்வியும்

குறுக்கெழுத்துப் புதிர் மாணவரின் சொல்வளத்தைப் பெருக்கும் என்பது தமிழாசிரியரிடையே பரவலாக நிலவும் கருத்தாகும். 1930களில் ஆனந்த விகடன் பரிசுப் போட்டியாக நடத்திய இவ்வடிவம் இன்று வகுப்பறைப் பயிற்சித்தாளிலும் இடம்பெறுகிறது. மேற்கூறிய கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதைக் குதிரையைக் குறிக்கும் சொற்களைச் சான்றாகக் கொண்டு நோக்குவோம்.

‘குதிரை’ என்னும் ஒற்றைக் குறிப்பும் மூன்று கட்டங்களும் தரப்பட்டுள்ளன எனக் கொள்வோம். புரவி, இவுளி, கலிமா, கிள்ளை, கோரம் ஆகிய ஐந்துமே அக்கட்டங்களில் அடங்கும். இவற்றுள் எது விடை என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை. குறுக்கே வரும் சொல்லின் எழுத்தே தீர்மானிக்கிறது. இறுதிக் கட்டத்தில் ‘வி’ அமைந்தால் புரவி; ‘ளி’ அமைந்தால் இவுளி. மாணவர் கட்டத்தை நிரப்பிவிடுகிறார். சொல்லைக் கற்றாரா என்பது ஐயமே.

இச்சொற்கள் ஒன்றற்கொன்று ஈடானவை அல்ல. ‘பரி’ ஓடுதலைக் குறிக்கும் வினையடியாகவும் வழங்குவது. ‘மா’ விலங்குக்குரிய பொதுப்பெயர்; அதனோடு அடை சேர்ந்தே பாய்மா, கலிமா என்பன பிறந்தன. துரகம், அசுவம், வாசி ஆகியன வடமொழி வழி வந்தவை. கிள்ளை என்றவுடன் கிளியே நினைவுக்கு வரும். கலிமா என்றால் இசுலாமிய மாணவர் தம் சமயத்தின் உறுதிமொழியையே எண்ணுவார். இவ்வேறுபாடுகள் அனைத்தையும் ‘குதிரை’ என்னும் ஒரே குறிப்பு மறைத்துவிடுகிறது.

இக்குறை நிகண்டுகளிலிருந்து வந்தது எனச் சிலர் கருதக்கூடும். அஃது ஏற்புடையதன்று. நிகண்டு மரபு சோழன் குதிரையைக் கோரம் என்றும், சேரன் குதிரையைப் பாடலம் என்றும், பாண்டியன் குதிரையைக் கனவட்டம் என்றும் பிரித்தே சுட்டுகிறது. மேலும், ஒருபொருட் பல்பெயரைத் தொகுத்த திவாகரம், ஒருசொற் பல்பொருளுக்கும் தனித் தொகுதி வகுத்தது. புதிர் அமைப்போர் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டனர். நிகண்டை மனனம் செய்த மாணவருக்கு விளக்கம் கூற ஆசிரியர் அருகில் இருந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இடச்சுருக்கம் கருதியே ஒற்றைச்சொற் குறிப்பு தரப்படுகிறது என்பர். எனினும் நல்ல குறிப்புக்கு மிகுந்த இடம் வேண்டியதில்லை. கோரத்திற்குச் ‘சோழன் ஊர்ந்தது’ என்றும், பரிக்கு ‘மதுரையில் நரி இதுவாயிற்று’ என்றும் தரலாம். பின்னது மாணிக்கவாசகர் வரலாற்றை நினைவூட்டுவதோடு, ஓரெழுத்து மாறப் பொருள் மாறும் நயத்தையும் உணர்த்தும். குதிரை என்பதையே விடையாக்கி, ‘வீணையில் தந்திகளைத் தாங்கும்’ எனக் குறிப்புத் தந்தால் பல்பொருளும் விளங்கும். ‘இதன் கொம்பு கிடைத்தற்கரியது’ எனின் மரபுத்தொடர் ஒன்றும் பயிற்சிக்கு வரும். கடிவாளம், சேணம், லாடம் போன்ற வழக்குச் சொற்களின் அருகே கலினம், பல்லணம் ஆகிய இலக்கியச் சொற்களை வைக்கும்போதும், அவை செய்யுள் வழக்கு என்பதைக் குறிப்பிலேயே சுட்டுதல் நன்று.

தமிழைப் பெரிதும் வகுப்பறையிலேயே எதிர்கொள்ளும் நம் மாணவர்க்கு, பயிற்சித்தாளில் காணும் சொல் மீண்டும் கண்ணில் படும் வாய்ப்புக் குறைவு. ஆகவே, அந்த ஒரு சந்திப்பிலேயே சொல்லின் பொருளோடு அதன் வழக்கும் புலப்படவேண்டும். எழுத்தெண்ணிக்கை பொருந்தினால் போதும் என்னும் நிலையிலிருந்து புதிர் அமைப்போர் விடுபடுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.